ஒரே வாங்கில் இரண்டு ஊர்: 1990இற்குப் பின் புத்தளத்தில் பிள்ளைகளின் தோழமை

வடமாகாண முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டமை குறித்து இன்று ஓரளவுக்கேனும் எழுத்துக்கள் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராயிருந்த மர்ஹூம் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2001இல் ஆங்கிலத்தில் நூலொன்றை வெளியிட்டார். சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிறுவனத்தின் முயற்சியால் அமைந்த குடிமக்கள் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையைத் தந்தது. கதரின் புறூன், ஷரிகா திராணகம போன்ற ஆய்வாளர்கள் புத்தளத்து முகாம்களில் தங்கிப் பேசி எழுதினார்கள். எத்தனை பேர், எந்தக் கிராமம், எவ்வளவு காணி, எத்தனை பள்ளிவாசல் என்ற கணக்குகள் இவற்றிலே உண்டு. அந்தக் கணக்குகள் இல்லாவிட்டால் எங்களுக்கு நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே அவை அவசியம்.

ஆனால் நம் சபைகளில் பெரியவர்கள் கூடி இந்த வரலாற்றைப் பேசும்போது ஒரு கேள்வி எழுவதே இல்லை. அன்று பாடசாலை வயதில் இருந்த பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடத்தில் யாரோடு விளையாடினார்கள்? அவர்களுக்கு முதற் கூட்டாளி எப்படிக் கிடைத்தான்? இது சின்ன விஷயம் என்று தோன்றும். வந்த சமூகமும் வரவேற்ற சமூகமும் முப்பது ஆண்டுக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த கதையை விளங்கிக்கொள்வதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பதே என் எண்ணம். அப்போது எனக்கு வயது பத்து. ஆகவே இக்கட்டுரையில் ஆவணத்தோடு ஞாபகமும் கலந்திருக்கும். வாசகர்கள் இரண்டையும் பிரித்தறிந்து வாசிக்க வேண்டுகிறேன்.

விட்டுவந்தவை

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் ஒக்டோபர் மாதத்தின் பிற்பாதியில் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அது ஒக்டோபர் 30ஆம் திகதி. ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்றார்கள். கையில் சில நூறு ரூபாவும் மாற்றுத் துணியும்தான். வழியிலே சோதித்து நகைகளைக் கழற்றி எடுத்தார்கள். பெண் பிள்ளைகளின் காதில் கிடந்த தோடும் தப்பவில்லை.

எங்கள் வீடு சோனகதெருவில் இருந்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு தமிழ்ப் பையன் என் கூட்டாளி. முந்தின நாள் பின்னேரம் அவனிடம் வென்ற ஒன்பது போளைகள் என் காற்சட்டைப் பைக்குள் கிடந்தன. சோதித்தவர் அதையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவனிடம் போயிட்டு வாறன் என்று சொல்லக் கிடைக்கவில்லை. வாப்பா "ரெண்டு கிழமையில திரும்பி வந்திடலாம், அழாத" என்றார். வந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் நம்பினார்கள். இந்த நம்பிக்கை பிற்பாடு எங்கள் படிப்பையும் கூட்டாளித்தனத்தையும் எவ்வளவு தூரம் பாதித்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இழப்பீட்டு விண்ணப்பங்களில் வீடு, காணி, கடை, வண்டி, நகை ஆகியவற்றுக்கு நிரல் இருந்தது. பத்து வயதுப் பிள்ளை இழந்ததை எழுத அதில் இடமில்லை. பெரியவர்கள் சொத்தை இழந்தார்கள், ஆனால் உறவுக்காரரும் ஊராரும் முகாமுக்குள்ளும் சுற்றியிருந்தார்கள். தமிழ்க் கூட்டாளிகளோடு விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு அந்த உலகத்தில் பாதி அப்படியே நின்றுவிட்டது.

வந்து சேர்ந்த இடம்

மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். மற்ற மாவட்டத்தார் வவுனியா, அனுராதபுரம் வழியாகத் தரையால் வந்தார்கள். பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். புத்தளத்து முஸ்லிம்கள் அந்த நாட்களில் செய்ததை மறைத்து எழுதுவது பெரும் பாவம். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் சொந்த வீடுகளையும் திறந்து விட்டார்கள். சோற்றுப் பார்சல் கட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். ஜும்ஆப் பிரசங்கங்களில் முஹாஜிரீன்களையும் அன்ஸாரிகளையும் உவமை காட்டினார்கள். மக்காவிலிருந்து வந்தவரை மதீனாவாசிகள் சகோதரராக ஏற்ற வரலாறு அன்றைக்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை.

பிறகு மாதங்கள் போயின. தென்னந்தோட்டங்களிலும் வெறுங்காணிகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மாரி மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. பாலாவி, தில்லையடி, ஆலங்குடா போன்ற இடங்களின் பெயர்கள் எங்கள் உம்மாமாரின் வாயில் பழகின. தோட்டக் கூலிக்கும் உப்பளக் கூலிக்கும் ஆட்கள் கூடிப்போனபோது நாட்சம்பளம் குறைந்தது என்று உள்ளூர்த் தொழிலாளி முறைப்பட்டார். அவர் முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் போதவில்லை. காணி விலை ஏறியது. புத்தளம் ஏற்கெனவே வசதி குறைந்த மாவட்டம். அங்கிருந்த ஏழையின் வீட்டுக்கு நிவாரண அட்டை இல்லை, வந்தவனுக்கு இருந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கிடையில் இருந்த உறவு கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவு. கொடுப்பவருக்கு ஒரு நாள் கை வலிக்கும். வாங்குபவருக்கு ஒவ்வொரு நாளும் முகம் சுருங்கும். இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள் இருந்தும் அந்த உறவு தேய்ந்தது. "அகதி" என்ற சொல் முதல் மாதத்தில் இரக்கத்தோடு வந்தது. இரண்டாம் வருடத்தில் அது ஓர் அடையாளமாயிற்று. மூன்றாம் வருடத்தில் பிள்ளைகள் அதை ஏச்சாகப் பாவித்தார்கள்.

காலையும் பின்னேரமும்

ஒரே நேரத்தில் இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கக்கூடிய பாடசாலைகள் புத்தளத்தில் இருக்கவில்லை. ஆகவே பல இடங்களில் இரு நேர முறை வந்தது. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், அவர்கள் போன பிறகு அதே கட்டடத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகள். வேறு சில இடங்களில் முகாமுக்குள்ளேயே கிடுகுக் கொட்டிலில் தனிப் பாடசாலை.

இதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. எங்கள் ஆசிரியர்களும் அகதிகளாக வந்தவர்கள். அவர்களுக்குத் தொழில் வேண்டும். ஊர்ப் பாடசாலையின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. எருக்கலம்பிட்டிப் பாடசாலையின் பெயர் புத்தளம் நாகவில்லுவில் இன்றும் வழங்குகிறது என்றால் அந்த எண்ணமே காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்று நம்பியவர்கள் பிள்ளையைப் புதுப் பாடசாலையில் நிரந்தரமாகச் சேர்ப்பார்களா? தற்காலிகம் என்று தொடங்கியது வருடக் கணக்கில் நீண்டது.

விளைவு என்னவென்றால், இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்தார்கள், ஆனால் ஒருவரையொருவர் காணவில்லை. பகல் உச்சி வெயிலில் வாசலிலே ஒரு கூட்டம் வெளியே வரும், மறு கூட்டம் உள்ளே போகும். அந்த ஐந்து நிமிடம்தான் சந்திப்பு. அதிலும் தள்ளுப்பாடும் பட்டப்பெயரும் தான் கூட. பின்னேர வகுப்புக்கு வரும்போது பசியும் வெயிலும் ஆளைத் தூக்கி அடிக்கும். விளையாட்டு நேரம் கிடையாது. பொழுதுபடுமுன் முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அறிமுகமில்லாத இடத்தில் குற்றம் இலகுவாகப் பிறக்கும். வெண்கட்டி குறைந்தால் பின்னேரப் பிள்ளைகள். கதிரை உடைந்தால் பின்னேரப் பிள்ளைகள். நான் இருந்த மேசையில் ஒரு நாள் யாரோ கவராயத்தால் ஒரு கப்பல் படம் கீறியிருந்தார்கள். அடுத்த நாள் காலைப் பாடசாலையிலிருந்து முறைப்பாடு வந்தது. எங்கள் ஆசிரியர் வகுப்பிலே எல்லாரையும் எழுப்பி நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அடித்திருந்தால் இவ்வளவு காலம் ஞாபகம் இருந்திராது. அவருக்கும் அந்தக் கட்டடம் இரவல் இடம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கலந்த இடங்கள்

பாடசாலை பிரித்துவைத்த பிள்ளைகளைச் சேர்த்துவைத்தவை வேறு இடங்கள். என் அனுபவத்திலும், என் வயதுக்காரர்களிடம் பின்னாளில் கேட்டதிலும் நான்கு இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது ஓதற் பள்ளி. குர்ஆன் மத்ரஸாவில் காலை, பின்னேரம் என்ற பிரிப்பு இல்லை. எந்த ஸூராவில் நிற்கிறாய் என்பதை வைத்தே இடம். பாயில் பக்கத்தில் இருப்பவனின் ஊரை யாரும் கேட்கவில்லை. அலிஃப், பே இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது விளையாட்டு வெளி. போளை, கிளித்தட்டு, கிட்டிப்புள், பிறகு கிரிக்கெட். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விளையாட்டுக்கு ஊருக்கு ஊர் சட்டம் வேறு. எங்கள் போளைச் சட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் சாண் வைக்கலாம், அவர்களுடையதில் முடியாது. ஆகவே ஆட்டம் தொடங்குமுன் வாக்குவாதம். "எங்கட ஊரில இப்படித்தான்." "இது உங்கட ஊரில்ல." அந்தச் சொல் சுட்டது. ஆனாலும் போளை என்னிடம், குழி அவர்களிடம். யாராவது விட்டுக்கொடுத்தால்தான் ஆட்டம். கடைசியில் பாதி எங்கள் சட்டம், பாதி அவர்கள் சட்டம் என்று ஒரு புதுச் சட்டம் வந்தது. பெரியவர்கள் பல கூட்டம் போட்டும் எட்டாத இணக்கம் அது. ஏனென்றால் அங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் இல்லை. தோற்றால் எவனும் போளையைக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது கிணறும் குழாய்க் கிணறும். இது பெண் பிள்ளைகளின் இடம். வயதுக்கு வந்த பிறகு எங்கள் முகாமில் பல பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோனது. பின்னேர வகுப்பு முடிந்து இருட்டும் நேரத்தில் நடந்து வர வீட்டார் விடவில்லை. அவர்களுக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைக் காணக்கூடிய ஒரே இடம் தண்ணீர் எடுக்கும் இடம்தான். முதலில் வரிசைச் சண்டை. பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்க ஒருத்திக்கு மற்றவள் கை தேவைப்பட்டது. என் மூத்த சகோதரிக்கு அங்கே கிடைத்த கூட்டாளிதான் பின்னாளில் அவளுடைய மகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

நான்காவது ரியூஷன் வகுப்பு. காசு கட்டினால் யாரும் இருக்கலாம். முகாம் பிள்ளைக்கு காசு இருக்காது. ஆனால் புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று வரும்போது உம்மாமார் கூலிக்குப் போயாவது கட்டினார்கள். கொப்பி மாறியதும் விடை பார்த்து எழுதியதும் அங்கேதான்.

பேச்சும் மாறியது. நாங்கள் "வாங்கோ", "இருங்கோ" என்போம். "வாங்கோவாம் வாங்கோ" என்று அவர்கள் இழுத்துச் சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் வெளியே "வாங்க" என்றும் வீட்டுக்குள் "வாங்கோ" என்றும் பேசக் கற்றுவிட்டோம். எங்கள் உம்மாம்மா அதைக் கண்டுபிடித்து, "நாக்கையும் அகதியாக்கிப்போட்டானுவள்" என்று சொல்லிக் கவலைப்பட்டார். அவருக்கு அது இழப்பு. எனக்கு அது நுழைவுச்சீட்டு. இரண்டும் உண்மைதான்.

என் முதல் புத்தளத்துக் கூட்டாளி ஓதற் பள்ளியில் கிடைத்தவன். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் முகாமுக்கு வந்து, கொட்டிலுக்கு வெளியே நின்று, "அந்தக் கப்பல கீறினது நான்தான். ஸேர்க்கிட்ட சொல்லப் பயம்" என்றான். காலையில் அதே மேசையில் இருந்தவன் அவன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவன் ஆசிரியரிடம் கடைசிவரை சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஒரு கிழமை பேசவில்லை. பிறகு பேசினோம். அவனுடைய வீட்டில் பெருநாளைக்குச் சாப்பிட்டேன், அடுத்த பெருநாளைக்கு அவன் எங்கள் கொட்டிலில் சாப்பிட்டான். அந்த இரண்டாவது சாப்பாடு முக்கியம். எங்கள் உம்மா அன்றுதான், வந்த பிறகு முதல் முறையாக, வெளியாள் ஒருவருக்குப் பரிமாறினார்.

தோழமையின் எல்லை

இந்தக் கதையை இனிப்பாக முடித்தால் அது வரலாறாகாது. பிள்ளைகளின் தோழமை பெரியவர்களின் கணக்கைத் தாண்டியது, ஆனால் அந்தக் கணக்கு காத்திருந்தது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. புத்தளம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இருக்கும் சில இடங்களுக்கு இடம்பெயர்ந்த பிள்ளைகளும் போட்டியிட்டால் என்னாகும் என்ற பயம் உள்ளூர்ப் பெற்றோருக்கு இருந்தது. 1990களின் இறுதியில் நாங்கள் உயர்தரம் எழுதிய காலத்தில் அந்தப் பயம் வீடுகளில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. எனக்கு அனுமதி கிடைத்தது, அவனுக்குச் சிறிய வித்தியாசத்தில் கிடைக்கவில்லை. அவனுடைய வீட்டில் ஒருவர், "சோறு போட்டோம், இடத்தையும் எடுத்திட்டாங்க" என்றார். அவன் அதைச் சொல்லவில்லை. மறுக்கவுமில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை.

அவன் மீது எனக்கு இன்று குறையில்லை. ஒரு சிறிய அப்பத்தைத் துண்டாக்கி, இரண்டு ஏழைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்ட ஏற்பாட்டின் மீதே குறை.

மறுபடியும் புது இடம்

2002 யுத்தநிறுத்தத்தின்போது புலிகள் தரப்பு வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கோரும் தொனியில் பேசியது. சிலர் ஊரைப் போய்ப் பார்த்து வந்தார்கள். 2007இல் உலக வங்கி உதவியுடன் புத்தளத்து முகாம் கிராமங்களில் நிரந்தர வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அதன் பிறகு திரும்பிப் போவதா, இருப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் வந்தது.

இந்த இடத்தில் 1990இன் கதை தலைகீழாகத் திரும்பியது. திரும்பிப் போகத் தீர்மானித்தவர் வாப்பா. அவருக்கு அது சொந்த ஊர். பிள்ளைக்கு அது புது இடம். அவன் பிறந்தது புத்தளத்தில், கூட்டாளிகள் புத்தளத்தில், பேச்சும் புத்தளத்துப் பேச்சு. முசலியிலும் யாழ்ப்பாணத்திலும் மீளக் குடியேறிய குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். "ஊர் எது?" என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்பான். "யாரோடு விளையாடுவாய்?" என்று கேட்டால் மௌனம். இருபது வருடம் முஸ்லிம்களைக் காணாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவன் அந்நியன். தமிழ் அயலவரே இல்லாமல் வளர்ந்த இவனுக்கு அவர்கள் அந்நியர். அவர்களுடைய வாப்பாமாரும் அப்பாமாரும் ஒரு காலத்தில் ஒரே ஒழுங்கையில் போளை அடித்தவர்கள் என்பது இருவருக்கும் கதையாகவே தெரியும்.

நானும் 2010இல் போய்ப் பார்த்தேன். வீட்டின் கூரையும் கதவும் இல்லை. அடுத்த ஒழுங்கையில் விசாரித்தேன். அந்தக் குடும்பமும் 1995 இடப்பெயர்வில் வெளிக்கிட்டு, பிறகு வெளிநாடு போய்விட்டதாம். என் கூட்டாளியும் ஒரு புது நாட்டில், புதுப் பாடசாலை வாசலில், தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் நின்றிருப்பான். எங்களைத் துரத்தியவர்களின் பெயரால் நடந்த யுத்தம் அவனையும் அங்கே நிறுத்தியிருக்கிறது.

எழுத வேண்டியவை

இதிலிருந்து மூன்று விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்று, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை அமைப்பது அவசரத்துக்குச் சரி. அது வருடக் கணக்கில் நீடிப்பது சரியல்ல. கட்டடம் போதாவிட்டால் இரு நேரத்திலும் இரு ஊர்ப் பிள்ளைகளையும் கலந்து இருத்தலாம். அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், செலவு கூடப்போவதில்லை. இந்த யோசனை அன்று ஏன் எடுபடவில்லை என்றால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் "இது கொஞ்ச நாளைக்குத்தானே" என்று நினைத்ததால்தான். வெள்ளம், மண்சரிவு என்று இந்நாட்டில் மக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தப் பாடம் அவர்களுக்கும் பயன்படும்.

இரண்டு, மீள்குடியேற்றம் என்பது பெரியவருக்குத் திரும்புதல், பிள்ளைக்கு இடப்பெயர்வு. போகிற குடும்பம் ஆண்டின் நடுவில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகாமல், ஆண்டு முடிவில் போகலாம். விடுமுறைக்குப் பழைய கூட்டாளிகளிடம் அனுப்பிவைக்கலாம். இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

மூன்று, எங்கள் வாக்குமூலங்கள் ஓரளவு பதிவாகிவிட்டன. அன்று காலைப் பாடசாலையில் இருந்த புத்தளத்துப் பிள்ளைகளின் வாக்குமூலமும் இதே அளவுக்குப் பதிவாக வேண்டும். திடீரென்று தங்கள் பாடசாலை அரை நாள் ஆனதை, தங்கள் மேசையில் இன்னொருவர் இருந்ததை, வீட்டில் பாதிச் சோறு வெளியே போனதை அவர்கள் எப்படிக் கண்டார்கள்? அவர்களுக்கும் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்தச் சஞ்சிகையின் புத்தளத்து வாசகர்கள் தங்கள் ஞாபகத்தை எழுத வேண்டும். எங்களைப் பற்றிய குறைகளையும் கூச்சப்படாமல் எழுத வேண்டும்.

என் கூட்டாளியிடமும் கேட்டிருக்கிறேன். இடையில் நின்ற பேச்சு அவனுடைய வாப்பாவின் ஜனாஸாவுக்கு நான் போன அன்று மறுபடி தொடங்கியது. இப்போது அவன் ஓர் ஆசிரியன். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கப்பலைப் பற்றியும் எழுது என்றேன். "அத எழுதினா ஸேர் பார்ப்பாரே" என்கிறான். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்று, இன்றும் புத்தளத்தில்தான் இருக்கிறார்.